ஒரே மரத்தின் இரண்டு குரல்கள்

ஆற்றில் மணல் அள்ளுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவர்களுக்குக் காதுதான் காவல். மெராப்பி மலையில் மழை கொட்டினால், எங்கள் ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் இறங்கும். எரிமலைச் சாம்பலும் பாறையும் கலந்து, கூழ் போல வரும். மலையடி ஊர்களிலிருந்து வாக்கிடாக்கியில் சேதி கிடைத்ததும் எங்கள் கம்போங்கின், இந்த ஆற்றோரக் குடியிருப்பின், தலைவர் பாக் ஹர்ஜோ, காவல் குடிசையில் தொங்கும் கெந்தோங்கானை அடிப்பார். பலாக்கட்டையைக் குடைந்து, நடுவில் நீளப் பிளவு வெட்டிச் செய்த முரசு அது. விட்டு விட்டு அடித்தால் எங்கோ சாவு. விடாமல் அடித்தால் தீத்தீர், ஆபத்து. தீத்தீர் கேட்டதும் கூடையை எறிந்துவிட்டுக் கரையேற வேண்டும். ருமியாத்தியின் கணவன் பர்யாதி இரண்டு தடவை அப்படி ஏறித்தான் பிழைத்தான்.

ருமியாத்தியை நாங்கள் யூ ரும் என்போம். வயதில் மூத்த பெண்களுக்கு எங்களிடம் யூ, ஆண்களுக்கு காங், படித்த இளைஞர்களுக்கு மாஸ், பெரியவர்களுக்கு பாக். மேல்கரையில் கலைக்கூடம் கட்டியபோது, அதன் மதிலில் துணி காயப்போடக் கூடாது என்று காவலாளி சொல்ல, அவள் சண்டை போடத்தான் முதலில் உள்ளே போனாள். கூடத்தின் நடுவே உடைந்த தட்டுகள் குவிந்து கிடந்தன.

"இதை யாருப்பா ஒடைச்சது? பெருக்கக்கூட ஆளில்லையா இங்க?" என்று கேட்டாள்.

அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொண்ட மாஸ் தாமர் சிரித்துவிட்டார். அதுதான் கலைப்படைப்பு என்றார். அவள் நம்பவில்லை. ஆனாலும் அதைச் சுற்றி வந்தாள். "எங்க அம்மா வீட்டைவிட்டுப் போன அன்னிக்கு அடுப்படி இப்படித்தான் கெடந்துச்சு" என்றாள். துணியைப் பற்றிப் பேச மறந்து வீடு திரும்பினாள்.

அடுத்த மாதமே தாமர் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார். கம்போங் பெண்கள் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டக் கூசுவார்கள். செருப்பைக் கழற்ற வேண்டுமா கூடாதா என்பதே பெரிய குழப்பம். யூ ரும் அவர்களைப் பத்துப் பேராக அழைத்துப் போனாள். "செருப்போட வாங்கடி. இது பள்ளிவாசல் இல்ல. புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க, இங்க யாரும் அடிக்க மாட்டாங்க." பள்ளிப் பிள்ளைகளிடமும் அதே பேச்சுதான். அவள் கையைத் தூக்கினால் நாற்பது பிள்ளைகளும் வாயடைத்து நிற்கும். அந்தக் கூடத்தில் தேநீர் போட என்னையும் அவள்தான் சேர்த்துவிட்டாள். "நீ கூப்பிட்டா பூனைகூடத் திரும்பாது. ஆனா டீ நல்லா போடுவே" என்று சொல்லித்தான் சேர்த்தாள்.

ஆற்றங்கரை வாழ்க்கையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஓர் அறை அமைக்கலாம் என்று தாமர் திட்டம் போட்டார். பிள்ளைகள் தொட்டு, தட்டி, அடித்துப் பார்க்கிற அறை. அந்தச் சமயத்தில் காவல் குடிசையின் பழைய கெந்தோங்கான் வெடித்துப்போயிருந்தது. கலைக்கூடமே ஒரு பலாமரம் வாங்கித் தந்தது. ஒரே அடிமரம். பாதியைக் குடைந்து குடிசையில் தொங்கவிட்டார்கள், மறுபாதி மேலே பிள்ளைகளின் அறைக்குப் போனது. இரண்டையும் அடித்துப் பார்த்த அன்று கம்போங்கே பெருமைப்பட்டது. குரலில் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"சும்மா ஏதாவது தாளம் சொல்லிக் குடுங்க யூ, போதும்" என்றார் தாமர்.

"பொய்த் தாளம் கத்துக்கிட்டுப் போறதுக்கா அதுங்க பஸ் ஏறி வருதுங்க?" என்றாள் அவள். சாவுக்கு எப்படி, திருட்டுக்கு எப்படி, ஆபத்துக்கு எப்படி என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகளுக்குத் தீத்தீர்தான் பிடித்தது. வேறு எதையும் அடிக்க மாட்டேன் என்றார்கள்.

பிள்ளைகள் வந்த முதல் வியாழக்கிழமை காலையில், சத்தம் கேட்டு ஆற்றிலிருந்து அத்தனை பேரும் அலறியடித்து மேலே ஓடி வந்தார்கள். பர்யாதியின் முட்டி பெயர்ந்து ரத்தம். பிறகு சிரிப்பு. இரண்டாவது வாரமும் ஓடினார்கள். மூன்றாவது வாரம் பாதிப் பேர். அதன்பின் பாக் ஹர்ஜோ வீட்டில் கூட்டம் போட்டார்கள். கலைக்கூடத்திடம் போய் நிறுத்துங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மரம் வாங்கித் தந்தவர்கள், நம் பெண்களுக்கு வேலை தந்தவர்கள். முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? வறுத்த தெம்பேயும் தேநீரும் சுற்றி வந்தன. கடைசியில் எல்லோரும் ஒரே மனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். வியாழக்கிழமை காலையில் சத்தம் கேட்டால் அது பிள்ளைகள். மற்ற நேரத்தில் கேட்டால் ஓடு.

"அப்படியே ஆத்துக்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க பாக்" என்றான் பர்யாதி. "வியாழக்கிழமை லீவுன்னு."

எல்லோரும் சிரித்தார்கள். யூ ரும் மட்டும் தேநீரை வாயருகே கொண்டுபோனவள் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கியது. அந்த வியாழக்கிழமை எங்கள் தலைக்கு மேல் சுள்ளென்று வெயில். வடக்கே மலை இருந்த இடத்தில் மலை இல்லை. விடிந்ததிலிருந்தே கறுப்பாக மூடிக் கிடந்தது. நான் பின்பக்க மேடையில் கண்ணாடித் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து ஆற்றுக்கு நேராகப் படிகள் இறங்கும். எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் கடைசிப் படி அன்று வெளியே தெரிந்தது. பாசி படிந்து, பச்சையாக. கொஞ்ச நேரத்தில் அதற்கும் கீழே சேறு தெரிந்தது. ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. மேலே எங்கோ மரமும் பாறையும் அடைத்து வெள்ளம் தேங்கினால்தான் ஆறு இப்படி வற்றும் என்று எனக்கு அப்போது தெரியாது.

கீழே ஆட்களுக்குக் கொண்டாட்டம். "அள்ளுங்கப்பா, ஆறே தட்டுல வச்சுக் குடுக்குது" என்று பர்யாதி கத்தினான்.

உள்ளே பிள்ளைகள் தீத்தீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளைக்கு யூ ரும் கையைத் தூக்கினாள். பிள்ளைகளின் கைகள் நின்றன. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

சத்தம் நிற்கவில்லை.

அதே குரல். அதே பலாமரம். கீழே குடிசையிலிருந்து பாக் ஹர்ஜோ அடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று யாருக்குத் தெரியும்? தூக்கிய கையை இறக்காமலே யூ ரும் மேடைக்கு ஓடி வந்தாள். "காங், ஏறுங்க காங், நெஜமாத்தான் அடிக்கிறாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள். கீழேயிருந்து கையசைத்தார்கள். ஒருவன் அந்தத் தாளத்துக்கு இடுப்பை ஆட்டிக் காட்டினான்.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். கலைக்கூடத்துப் பாத்திக் சட்டையோடு, தலைமுடி அவிழ்ந்து தொங்க, அந்தப் படிகளில் இறங்கி ஓடினாள். யூ ரும் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகுதான் கூடைகள் விழுந்தன. அவள் பர்யாதியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதிப் படி ஏறியபோது வளைவில் மரங்கள் வந்தன. தண்ணீர் வரவில்லை, முதலில் மரங்கள்தான் வந்தன, நின்ற வாக்கில். அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ நகர்ந்து வந்தது. மணல் குவியலும் மூங்கில் தெப்பமும் போயின. கீழ்வரிசை வீடுகளின் அடுப்படிகள் போயின. அவள் அடுப்படியும்தான். ஆள் யாரும் போகவில்லை.

தாமர் அழுதுகொண்டே வந்து மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லீங்க மாஸ், எல்லாம் மேலே இருக்கிறவன் செயல்" என்று கம்போங்கே அவரைத் தேற்றியது. இரண்டு கட்டைகளையும் இறக்கி வைத்துவிட்டார்கள். அந்தக் குரலை இனி யார் நம்புவார்கள்? பள்ளிவாசல் கூரையில் சைரன் பொருத்தினார்கள். அதைச் சரிபார்க்கிறேன் என்று யாராவது அடிக்கடி ஊதவிட்டார்கள்.

பர்யாதி மறுபடி ஆற்றில் இறங்கினான். சைரன் ஊதினால் ஒருவரும் ஓட மாட்டார்கள். நிமிர்ந்து கலைக்கூடத்து மேடையைப் பார்ப்பார்கள். யூ ரும் வந்து நிற்பாள். அவள் நின்றால் குனிந்து வேலையைத் தொடர்வார்கள்.

"சைரன் மெஷின்தானே?" என்பான் பர்யாதி. "எம் பொண்டாட்டி ஓடினாத்தான் எனக்கு வெள்ளம்."

அவளுக்கு அது பெருமையாக இல்லை. தங்கை கல்யாணத்துக்கு சோலோ நகரத்துக்குப் போகவில்லை. லெபரான் பெருநாளுக்கும் ஊருக்குப் போகவில்லை. மழை மாதங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேச்சில் கையைத் தூக்குவாள். பிள்ளைகள் அமைதியாகும். அவள் ஆற்றைக் கேட்பாள். இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று ஆசிரியர்கள் நினைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி என்று தாமரிடம் பாராட்டியும் சொன்னார்கள்.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவங்க யாரைப் பாப்பாங்க?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டாள். நான் தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம் அவளுக்கு டெங்கு. மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள் காலையில் அவளைப் பார்த்துவிட்டு வந்த பர்யாதி நேராக ஆற்றில் இறங்கினான். உள்ளே பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். வெயில் அடித்தது. வடக்கே மலை இல்லை.

சைரன் ஊதியது. நான் மேடைக்கு வந்தேன். கீழே எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பர்யாதி கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தான்.

"காங், ஏறி வாங்க" என்றேன்.

"என்னது? கேக்கல" என்று சிரித்தான். "டீ வேணாம், அப்புறம் குடிக்கிறோம்."

மறுபடி குனிந்தார்கள். கடைசிப் படி வெளியே தெரிந்தது. பச்சையாக, பாசியோடு. அதற்குக் கீழே சேறு.

நான் செருப்பைக் கழற்றினேன்.