திரைக்குப் பின்னால் ஏழு பேர்

இங்கே வந்து இரண்டாண்டு முடியப்போகிறது. இன்னும் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது என் கண் நான்காவது தேதியைத் தேடுகிறது. கடலூர் பழைய டவுனில் நான் எழுத்தராக இருக்கும் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் காலண்டரில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி பிறை என்று மூன்று உண்டு. ரங்கூனில் நான்கு இருந்தன. பர்மியத் தேதியை இங்கே யார் அச்சடிக்கப்போகிறார்கள்? ஓரத்தில் பென்சிலால் நானே எழுதிக்கொள்கிறேன். பங்குனி என்றால் அங்கே தபௌங். பக்கத்து மேஜைக்காரர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா பாய், அங்க யாருக்குனா கடுதாசி போடணுமா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு அந்த நாட்டுத் தேதி?"

நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன். என்னைப்போல பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த உங்களில் பலருக்கு இப்படிப்பட்ட கேள்விகள் பழகியிருக்கும். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துமிருக்கும்.

தேதி குறித்து வைக்கிற பழக்கம் இருப்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில், வழக்கம்போலக் காலைப் பாசஞ்சரில் சிதம்பரம் போனேன். அங்கே வாசக நண்பர்கள் சிலர் சிறிய நூலகம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் புத்தகம் எடுப்பதுதான் இந்த ஊரில் எனக்கிருக்கும் ஒரே சுகம். அடிமை வாழ்வை எழுதிய பழைய அமெரிக்க நாவலாசிரியர் ஒருவருக்கு அவர்கள் அஞ்சலி விழா எடுக்க இருந்தார்கள். ஆற்றுத் துறையில் அடிமைகள் பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டே பாடுகிற கட்டம் அவருடைய நாவலில் வருகிறது. அதை மேடையில் காட்டவேண்டும் என்று செயலாளர் சபாபதிக்கு ஆசை. அண்ணாமலை நகரில் குடியிருப்பவர், நிறையப் படித்தவர். நான் போனபோது ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வயலினும் மிருதங்கமும் துணைக்கு வர, லாட்ஜில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர் முகாரியில் உருகிக்கொண்டிருந்தார். மூன்று பேர் பொதி தூக்கினார்கள்.

"எப்படி இருக்கு பாய்? சோகம் வருதில்ல?" என்றார் சபாபதி.

"சோகம் வருது சார். பொதிதான் வரல."

அவர் சிரித்தார். நான் விளக்கிச் சொன்னேன். அந்த மக்கள் அழுவதற்காகப் பாடவில்லை, தூக்குவதற்காகப் பாடினார்கள். ஒருவர் பாட்டை எடுப்பார், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். எடுப்பதற்கும் வாங்குவதற்கும் நடுவில் பாரம் ஓர் அடி நகரும்.

எனக்கு இது தெரிந்த விதம் அவ்வளவு பெருமையானதல்ல. ரங்கூனில் நான் படித்த மிஷன் பள்ளியிலும் இதே எழுத்தாளருக்கு விழா எடுத்தார்கள். அமெரிக்க ஆசிரியை எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார். பர்மியப் பையன்களுக்கும் ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கும் எஜமானர், பாதிரியார், வியாபாரி என்று வேடங்கள் போயின. தமிழ்ப் பையன்கள் ஐந்து பேர் அடிமைகள் ஆனோம். "உங்களுக்குக் கரி பூசுகிற வேலை மிச்சம்" என்று அன்பாகவே சொன்னார். அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. ஆனாலும் பாட்டு ஒட்டிக்கொண்டது. அதன் நடையைப் பிறகு ரங்கூன் துறைமுகத்தில், நம் ஆட்கள் அரிசி மூட்டை ஏற்றும்போது கேட்டேன். மொழி வேறு, பாரம் ஒன்று.

"அப்படிப் பாடறவங்களுக்கு இப்ப நான் எங்க போறது?" என்றார் சபாபதி.

"எங்க கடலூர்ல தினமும் பாடறாங்க சார்."

எங்கள் துறைமுகத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலிலேயே நிற்கும். சரக்குப் படகுகள் போய் எடுத்து வரும். அப்படி ஒரு படகுக்கு மேஸ்திரி கோவிந்தன். அவருக்குக் கீழே ஆறு பேர். மேஸ்திரி ரங்கூன் துறையில் மூட்டை சுமந்து முதுகு தேய்ந்தவர், நான் வந்த கப்பலிலேயே திரும்பி வந்தவர். சபாபதி ஒருநாள் நேரில் வந்து அவர்கள் பாடுவதைக் கேட்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வயலினையும் மிருதங்கத்தையும் அன்றே விட்டுவிட்டார்.

அவர் போனபின் மேஸ்திரி என்னிடம் கேட்டார். "மேடை மேலயா பாய்? எல்லாரும் பாக்குறாப்பலயா?"

"எல்லாரும் பாக்குறாப்பலதான்."

"பொண்ணைப் பக்கத்துல குடிகாட்டு ஊர்ல குடுத்துருக்கேன். சம்பந்தி வூட்ல 'பர்மாக் கூலி மவ'ன்னுதான் கூப்புடறாங்களாம். அவுங்களையும் வரச் சொல்றேன். ஒரு தபா பாக்கட்டும்." பிறகு நினைத்துக்கொண்டவர்போல, "பாரத்த என் கண்ணு முன்னால வைக்கச் சொல்லு பாய். பாரத்தப் பாத்துதான் பாட்ட எடுக்கணும். பாக்காம எடுத்தா எவன் காலாவது போயிரும்" என்றார்.

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு சிதம்பரம் போனபோது ஏற்பாடு மாறியிருந்தது. மாணவர்கள் கரி பூசிக்கொண்டு முன்னால் வாயசைப்பார்கள். படகுக்காரர்கள் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார்கள்.

"சினிமால பாடறவங்க மூஞ்சிய யாரு பாய் பாக்கறாங்க?" என்றார் சபாபதி. "பின்னணின்னு சொல்லிடலாம். பசங்க இத்தனை நாளா ஒத்திகை பாத்திருக்காங்க. நோட்டீசும் அச்சுக்குப் போயாச்சு. அதோட, இவங்க மேடையேறினா கூட்டம் கதையப் பாக்காது, இவங்களத்தான் பாக்கும்."

அவர் கெட்டவர் அல்ல. கைதவறிப் புத்தகம் விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர். வாதாடியிருக்கலாம். எனக்கு அன்று களைப்பாக இருந்தது. போகிற இடமெல்லாம் நமக்கு ஓர் இடம் கேட்டு நிற்கிற களைப்பு அது, உங்களுக்குத் தெரியும். சரி என்று தலையசைத்துவிட்டு, புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். மேஸ்திரியிடம் சொல்ல ஒரு வாரம் இருந்தது. சொல்லவில்லை.

விழாவன்று மாலை ஐந்து மணிக்கு அவர்கள் ஏழு பேரும் மண்டபத்துக்கு வந்தார்கள். மேஸ்திரி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். மேடைக்குப் பின்னால் மாணவர்கள் அடுப்புக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு பாய் இவுங்க?" என்றார் மேஸ்திரி.

"நீங்கதான்," என்றேன்.

"நாம இவ்ளோ கருப்பா மேஸ்திரி? கலரு ஜாஸ்தியாப் பூடுச்சே!" என்றான் படகுக்காரன் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் திரை விஷயத்தைச் சொல்லி முடித்தேன். மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. "சம்பந்தி மூணாவது வரிசைல குந்தியிருக்காரு பாய்," என்று மட்டும் சொன்னார்.

முன்னால் பொதி தூக்கும்போது பின்னால் சைகை காட்ட, என்னைத் திரையோரத்தில் நிறுத்தினார்கள். பாட்டு தொடங்கியது. பொதிக்குள் வைக்கோல். மேஸ்திரி எடுத்த அடி முடிவதற்குள் மாணவர்கள் அதைத் தலைக்குமேல் தூக்கிவிட்டு, மீதிப் பாட்டுக்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றார்கள். கூட்டம் சிரித்தது. என் கையைப் பார்த்துப் பாடுவதற்குள் அடுத்த பொதியும் மேலே போய்விட்டது. இன்னும் பலத்த சிரிப்பு.

பின்னால் பாட்டு நின்றது. "எதுக்குச் சிரிக்கிறாங்க? நாங்க தப்பாப் பாடறமா?"

"இல்ல மேஸ்திரி. பொதி லேசு. தூக்கத் தெரியல."

"அப்ப பாத்துதான் பாடணும்," என்று சொல்லிக்கொண்டே அவர் என்னைத் தாண்டி மேடைக்கு வந்துவிட்டார்.

கூட்டத்தின் பக்கம் அவர் திரும்பவேயில்லை. பொதியையே பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டுப் பாட்டை எடுத்தார். கரி பூசிய மாணவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அடியை எடுத்து முடிக்கும்வரை பொதியைத் தூக்காமல் காத்திருந்தார்கள். வைக்கோல் பொதிக்கு அப்போதுதான் கனம் வந்தது. சிரிப்பு நின்றது. மூன்றாவது வரிசையில் ஒருவர் பாதி எழுந்து எட்டிப் பார்க்க, பின்னாலிருந்தவர்கள் "குந்துய்யா" என்று அதட்டினார்கள். முதல் வரிசையிலிருந்து சபாபதி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். உள்ளே இழு என்று அர்த்தம்.

இழுக்க முடியவில்லை. அவரோடு போய் நிற்கவும் முடியவில்லை. அதற்குள் உள்ளேயிருந்த ஆறு பேரின் குரல் தடுமாறியது. "பாய், மேஸ்திரி எங்க? ஒண்ணும் தெரியலியே!"

திரையின் ஓரத்தைச் சுருட்டி ஒரு கையால் பிடித்தேன். ஒரு முழ இடைவெளி. அதன் வழியே ஆறு பேரும் மேஸ்திரியையும் பொதியையும் பார்த்தார்கள். பதில் திரும்ப வந்தது, ஏலேலோ என்று, மண்டபம் அதிர. என் வலது தோள் மேடையின் டியூப் லைட் வெளிச்சத்தில் இருந்தது. இடது பாதி உள்ளே, வியர்வையும் தேங்காய் எண்ணெயும் மணக்கும் இருட்டில். சபாபதி இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். திரைத்துணி கனமாக இருந்தது, கை வலித்தது. விட்டால் பாட்டு நின்றுவிடும் என்பதால் விடாமல் அப்படியே நின்றேன், பாதி உள்ளும் பாதி வெளியுமாக.