ஊஞ்சல் கம்பம் சாய்ந்தபோது

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜனவரி மாதம். பழவேற்காடு ஏரிக்கு வரும் பூநாரைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று சென்னையிலிருந்து வாடகைக் காரில் கிளம்பினோம். சுண்ணாம்புக்குளம் தாண்டி ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் படகுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகள் சிணுங்கவே, பக்கத்திலிருந்த பள்ளிக்கூட மைதானத்துக்கு அழைத்துப் போனோம். ஒரு சறுக்குமரமும் இரும்பு ஊஞ்சலும் இருந்தன.

நான்கு வயது மகளை ஊஞ்சலில் வைத்து என் கணவர் ஆட்டினார். நான் சின்னவனோடு சறுக்குமரத்தடியில் நின்றேன். ஏரியிலிருந்து மீன்கூடையோடு வந்த ஒரு பெண், "புள்ளைய எறக்கு, புள்ளைய எறக்கு" என்று கத்திக்கொண்டே கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அந்தப் பெண் மகளை இழுத்து அணைத்தபடி மண்ணில் விழுந்தார். உப்புக்காற்றில் அடி இற்றுப்போயிருந்த கம்பம் அப்படியே சாய்ந்து அவர் முதுகில் விழுந்தது.

நாங்கள் கம்பத்தைத் தூக்கினோம். மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அந்தப் பெண் மெல்ல எழுந்து உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். ஏழெட்டு மாத வயிறு.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவருடைய கணவர் ஓடிவந்தார். இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு எளாவூர் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் பறந்தோம். வழியில் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் கணவருக்குக் கேட்காதபடி சொன்னார்:

"காலைலேர்ந்து ஒதைச்சிக்கினே இருந்துச்சுக்கா. இப்ப அசையவே இல்ல."

என் மடியில் மகள் இருந்தாள். அவளை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் கூசிப்போனேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் வயிற்றில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். பிறகு, "துடிப்பு இருக்கு" என்று சொன்னதும் அவருடைய கணவர் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணோ என் மகளைக் காட்டி, "அதுக்கு மொதல்ல மருந்து போடுங்க" என்றார்.

பங்குனியில் போய்ப் பார்த்தோம். தூளியில் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு முதுகுவலி மட்டும் தீரவில்லை.

வயிற்றில் ஒரு பிள்ளையோடு என் பிள்ளைக்காக ஓடிவந்தார் அவர். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஓடியிருப்பேனா என்ற கேள்விக்கு இன்றுவரை என்னால் துணிந்து பதில் சொல்ல முடியவில்லை.