'வ' என்றால் எந்தப் பக்கம்?

1985 மார்ச் 9. இரண்டாவது சனிக்கிழமை. ஆபீஸ் கிடையாது.

வழக்கம்போல எழுந்தேன். சவரம் செய்துகொண்டேன். சைக்கிளைத் துடைத்தேன். கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். "லீவு நாள்ல அதுக்கு எதுக்கு சாவி?" என்று கேட்டாள் என் மனைவி சரோஜா. எல்லா இரண்டாவது சனிக்கிழமையும் கேட்கிற கேள்விதான். கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டேன்.

இட்லி சாப்பிட்டுவிட்டு, அளவு டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். ஒலக்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சரோஜாவின் தம்பி ஏழுமலை விவசாயம் பார்க்கிறான். அன்று அவனுடைய மாட்டு வண்டிக்குப் பக்கப்பலகை மாட்ட வேண்டும்.

சாதாரணப் பலகை இல்லை. வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம், வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். வைக்கோல் ஏற்றினால் பக்கப்பலகை இருக்கக் கூடாது. பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்க வேண்டும். எருவோ பழமோ ஏற்றினால் பலகை இல்லாமல் முடியாது.

ஏழுமலை ஏற்றப் போவது தர்பூசணி. போன வருஷம் பக்கத்தில் மூங்கில் தட்டி கட்டிக்கொண்டு போனான். பாதி வழியில் தட்டி பிரிந்து, பழங்கள் ரோட்டில் உருண்டு ஓடின. லாரி வைத்திருக்கிற வியாபாரி, மிச்சம் இருந்ததைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. "வெடிச்ச பழத்தோட வந்த பழம், அதுவும் வெடிக்கும்" என்றாராம். இந்த வருஷம் வீட்டுக்கு வந்து, "ஒழுங்கா கொண்டாந்தா எடுத்துக்கறேன். இன்னொரு வாட்டி ஒடஞ்சா உன் பக்கமே வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அதனால்தான் பழைய வண்டியைப் பிரித்து, டயர் போட்டு, புதுசாகக் கட்டினான் ஏழுமலை. லாரி வந்து நிற்கப் போவதும் அந்தச் சனிக்கிழமைதான். பொழுது சாயும்வரை கூட்டுரோட்டில் நிற்கும்.

முந்தின ஞாயிற்றுக்கிழமையே போய் நான் தச்சருக்கு அளவு எடுத்துக் கொடுத்திருந்தேன். வண்டியின் இரண்டு பக்கமும் இரும்பு வளையங்கள் இருக்கின்றன. பலகையின் வெளிப்புறம் அறைந்த கால்கள் அந்த வளையங்களில் இறங்கி நிற்க வேண்டும். ஒரு பக்கச் சட்டம் பழையது; இன்னொரு பக்கம் புதியது. ஆகவே வளையங்களின் இடைவெளியும் பக்கத்துக்குப் பக்கம் வேறு, முன்னுக்கும் பின்னுக்கும் வேறு. ஒவ்வொரு அளவையும் பலகை மேலேயே எழுதினேன். குழப்பம் வரக் கூடாது அல்லவா? வலப்பக்கத்துப் பலகையில் சாக்பீஸால் 'வ' என்றும் போட்டேன். ஒன்றில் போட்டால் இன்னொன்று தானாகத் தெரிந்துவிடுமே...

எனக்கு எப்போதும் இந்தச் சிக்கனம் உண்டு.

நான் போனபோது, கால் அறைந்து முடித்த பலகைகளை அந்தோணி மேஸ்திரி இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்க்காரர். வீட்டுக் கதவு, ஜன்னல், நிலைப்படி செய்கிறவர். வண்டி வேலை அவருக்குப் புதிது. 'வ' போட்ட பலகையைத் தூக்கிக்கொண்டு நேராக வண்டியின் இடப்பக்கம் போனார்.

"மேஸ்திரி, அந்தாண்ட இல்ல. இந்தப் பக்கம்" என்றேன்.

"சார், நீங்கதானே 'வ' போட்டீங்க?"

"ஆமாம். வலம்."

மேஸ்திரி பலகையைக் கீழே வைத்தார். "வடக்கு இல்லையா?"

நான் வண்டியைப் பார்த்தேன். கிழக்குப் பார்த்து நின்றிருந்தது. அளவெடுத்த அன்றும் அப்படித்தான் நின்றது. வலப்பக்கம் தெற்கு. இடப்பக்கம் வடக்கு.

வீடு கட்டுகிறவருக்கு வடக்குச் சுவர், தெற்கு ஜன்னல். வலது சுவர் என்று யாராவது சொல்வார்களா? அவர் பேரில் என்ன தப்பு? 'வ' என்று எழுதியவன் மேல்தான் என்ன தப்பு? இரண்டு பேரும் சரி. பலகை மட்டும் தப்பு!

ஏழுமலைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான். "அதுக்கென்னா மாமா, வண்டிய மேற்கால திருப்பி நிறுத்திட்டா வலமும் வடக்கும் ஒண்ணாப் பூடுது!"

"வண்டி திரும்புனா நான் அறைஞ்ச காலும் கூடத் திரும்புமாடா?" என்றார் மேஸ்திரி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மாட்டிப் பார்த்தோம். 'வ' பலகை இடப்பக்கத்து வளையங்களில் இறங்கவே இல்லை. வலப்பக்கம் இறங்கியது... ஆனால் வடக்குப் பக்கத்துக்கென்று கால் அறைந்திருந்ததால் உட்புறம் வெளியே வந்துவிட்டது. முன்பின்னாகத் திருப்பினால் இடைவெளி மாறி இறங்கவில்லை. கால்களும், மடக்கி அடித்த ஆணி முனைகளும் வண்டிக்குள்ளே நீட்டிக்கொண்டு நின்றன. இன்னொரு பலகையும் அப்படியே. தர்பூசணியை அதற்குள் போட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழுமலையின் சிரிப்பு நின்றுவிட்டது.

"கால எல்லாம் பிரிச்சு மறுபக்கம் அடிச்சிடறேன்" என்று மேஸ்திரி ஓர் ஆணியை நெம்பினார். மாம்பலகை. விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியது.

"வேணாம் மேஸ்திரி, உட்டுடுங்க!" என்று கத்தினான் ஏழுமலை. "பலகையும் பூடுச்சின்னா நான் எதுல ஏத்திக்கினு போறது? பேஜாரா பூடுச்சே. அந்த ஆளு பொழுது சாஞ்சா லாரிய எடுத்துடுவாரு."

அவன் மனைவி செல்வி அதுவரை தோட்டத்தில் பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஆம்பளைங்க மூணு பேரும் தெச பாத்துக்கினு நில்லுங்க. பழத்துக்கு வடக்கு தெக்குலாம் தெரியாது. குத்தாம இருந்தா சரி."

வைக்கோல் போரிலிருந்து இரண்டு கை நிறைய உருவி, கால்களுக்கு நடுவே திணிக்க ஆரம்பித்தாள். ஏழுமலை கோணிப் பைகளைப் பிரித்தான். மேஸ்திரி ஆணி முனைகளைச் சுத்தியால் தட்டிப் படிய வைத்தார். நான் கோணி ஊசியில் சணல் கோத்து, கோணியைப் பலகையோடு சேர்த்துத் தைத்தேன். சீரான தையல்தான். செல்விக்கு அது பொறுக்கவில்லை. "அண்ணா, ஜாக்கெட்டா தைக்கிறீங்க? ஜல்தியா போடுங்க."

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும் மேஸ்திரி முகம் தெளியவில்லை. "தபசு காலம், ஈஸ்டர் வரைக்கும் கறி வேணாம்மா" என்று மட்டும் சொன்னார். "கறிக்கு எங்க போறது? கருவாட்டுக் கொழம்புதான்" என்றாள் செல்வி. அப்புறம்தான் கொஞ்சம் சிரித்தார்.

வெயில் தணிவதற்குள் ஏற்றி முடித்தோம். ஏழுமலை மாட்டை விரட்டவில்லை. பள்ளம் வந்த இடமெல்லாம் இறங்கி, பலகையில் கை வைத்தபடியே நடந்தான். நான் பின்னால் நடந்தேன். உள்ளே பழங்கள் அசையும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனோம்.

கூட்டுரோட்டில் லாரி நின்றது. வியாபாரி ஒவ்வொரு பழத்தையும் தட்டிப் பார்த்தார். முன் மூலையில் கோணி நழுவிய இடத்தில் இரண்டு பழங்களில் கீறல். அவற்றை ஒதுக்கினார். ஏழுமலை என் முகத்தைப் பார்த்தான். வியாபாரி மற்றவற்றை ஏற்றச் சொன்னார்.

"அடுத்த வாரமும் இதே மாதிரி கொண்டா."

"இதே மாதிரின்னா? உள்பக்கத்த வெளிய வச்சுதாங்களா?" என்றான் ஏழுமலை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

திரும்பும்போது வெறும் வண்டியில் உட்கார்ந்து யோசித்தேன். சிலர் இடத்தை வைத்துப் பேசுகிறார்கள். சிலர் ஆளை வைத்துப் பேசுகிறார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி வலது பக்கம் வா என்று நாம் எழுதிவிடுகிறோம். மெட்ராஸிலிருந்து வருகிறவருக்கு ஒரு வலது, திருச்சியிலிருந்து வருகிறவருக்கு ஒரு வலது. எழுதும்போது அவர் நிற்கிற இடத்தில் நாம் நின்று பார்க்கிறோமா? என் டைரியிலேயே 'வ' என்று நிறைய இருக்கிறது. சில இடத்தில் 'வந்தார்'. சில இடத்தில் 'வலி'. சில இடத்தில் எது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் வரும் சண்டைகளில் பாதி இப்படித்தான் என்று தோன்றுகிறது. ஓர் எழுத்தைச் சொல்லிவிட்டு, முழு வார்த்தையையும் சொன்னதாக நினைத்துக்கொள்கிறோம்.

அன்று அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனேன். அடுத்த வாரமும் இவற்றைத்தானே மாட்ட வேண்டும்? 'வ'வுக்குப் பக்கத்தில் 'லம்' சேர்த்தேன். இன்னொரு பலகையில் 'இடம்' என்று முழுசாக எழுதினேன்.

பால் கறக்கப் போன செல்வி நின்று படித்தாள்.

"இடமா? எந்த எடம்ண்ணா?"

ஈரத் துணியால் இரண்டையும் அழித்தேன். வலப்பக்கத்துப் பலகையில் 'சோத்துக்கை' என்று எழுதினேன். மற்றதில் ஒன்றும் எழுதவில்லை... அந்தக் கையின் பெயரை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.