தூரமாகாத மாதங்கள்

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும் சயாம் ரயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், உண்மைதான். என் புருஷனையும் லாரியில் ஏற்றினார்கள். தோட்டத்தில் மிச்சமிருந்த பெண்களின் உடம்புக்குள் என்ன நடந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். கல்யாணமாகி வந்த புதிது. எனக்குத் தாய் தகப்பன் இல்லை. மாமியார் வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. லயம் என்றால் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள். எங்கள் லயத்தில் மாதவிலக்கான பெண் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பின்னாலிருக்கும் விறகுக் கொட்டகையில் தனித் தட்டோடு மூன்று நாள் உட்கார வேண்டும். பிறகு எல்லாரும் பார்க்கப் பொதுக்குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரலாம். எவள் எப்போது தூரமானாள் என்பது லயத்துக்கே மனப்பாடம். வெட்கங்கெட்ட ஏற்பாடு.

அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கும் கண்ட கீரையும்தான் சாப்பாடு. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பிக்கொண்டது. என் புருஷன் போய்ப் பல மாதம் கழித்து எனக்கு விலக்கு நின்றுபோனது. நின்றதை நான் கவனிக்கும் முன்பே மாமியார் கவனித்துவிட்டார்.

"ஏண்டி, நீ கொட்டகப் பக்கம் போயி எத்தன மாசமாச்சு?"

"வரல அத்தை. ஏன்னு எனக்கே தெரியல."

"எம்மவன் சயாம்ல கெடக்கான், நீ இங்க முழுகாம இருக்கியா? யாருடி அவன்?"

பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்து ஊரைக் கூட்டினாள். அவள் புருஷனும் சயாமில்தான் இருந்தான். "வயித்தப் பாத்தாலே தெரியுதுலா, இன்னும் என்ன கேள்வி?" என்றாள்.

மருத்துவச்சி வந்து என் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "ஒன்னுமில்ல, வெறும் வயிறு" என்றாள். யார் காதில் வாங்கினார்கள்? பச்சைப் பப்பாளியையும் அன்னாசிப் பிஞ்சையும் அரைத்து மாமியார் என் வாயில் ஊற்றினார். இல்லாத பிள்ளையைக் கலைப்பதற்கு. அன்று தின்ற கிழங்கும் வாந்தியோடு போய்விட்டது. அடுத்த மாதமும் தூரமாகாவிட்டால் வீட்டை விட்டுத் துரத்திவிடுவேன் என்றார்.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே கொட்டகை. சில நாள் கழித்து விறகு எடுக்கப் போனபோது அவள் அங்கே தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் விலக்குத் துணி மடித்து வைத்திருந்தது. மறுநாளும் அதே துணி, மடிப்புக் கலையாமல் அங்கேயே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்லிடாத. எனக்கும் நின்னு போச்சு. இந்த லயத்துல பாதிப் பேருக்கு வரல. எல்லாம் சும்மா வந்து குந்திட்டுப் போறாளுங்க."

"அப்புறம் ஏன் என்னைய அப்படிப் பேசுனீங்க?"

"உன்னப் பாத்துக்கிட்டு இருந்தா என்னப் பாக்க மாட்டாங்கல்ல."

அடுத்த மாதம் நானும் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மூன்று நாள் சும்மா உட்கார்ந்தேன். குழாயடியில் எல்லாரும் பார்க்கத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மருத்துவச்சி சொன்னதுதான் நிஜம் போல என்று மாமியார் முகம் தெளிந்துவிட்டது. பொய் சொன்ன பிறகுதான் எனக்கு உத்தமி என்ற பெயர் கிடைத்தது.

பல வருஷம் கழித்து ஜொகூர் பாருவில் ஒரு லேடி டாக்டரிடம் இதைக் கேட்டேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதன் ஹார்மோன் ரத்தத்தில் இறங்கிச் சினைப்பைக்குத் தகவல் சொன்னால்தான் முட்டை முதிரும், மாதவிலக்கும் வரும். அந்தச் சுரப்பிக்கு மேலே மூளையின் ஒரு பகுதி, உடம்பில் சத்து இருக்கிறதா, மனசில் பயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்குமாம். பட்டினியும் பயமும் சேர்ந்தால் அது உத்தரவை நிறுத்திவிடும். தாயே சாகக் கிடக்கிறாள், இப்போது பிள்ளை எதற்கு என்று. அந்தப் பட்டாணிக்கு இருந்த அறிவு எங்கள் லயத்தில் ஒருத்திக்கும் இல்லாமல் போனதே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

ஜப்பான்காரன் தோற்றுச் சண்டை முடிந்தது. சயாமிலிருந்து திரும்பிய ஒருவர், என் புருஷன் அங்கே காலராவில் போய்விட்டார் என்று வாசலில் நின்று சொன்னார். மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"ஒரு புள்ளயாச்சும் இந்த வயித்துல தங்கியிருக்கக் கூடாதா?"

பப்பாளியை அரைத்து ஊற்றிய அதே மனுஷி. அதற்குப் பிறகு தினமும் அதையே சொல்லிப் புலம்பினார்.

அரிசி வந்து, சாப்பிட்டது உடம்பில் ஒட்டத் தொடங்கிய பிறகு, ஒரு காலையில் எனக்கு மறுபடியும் விலக்கு வந்தது. இந்த முறை நிஜமாகவே. கொட்டகைக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. மூன்று நாளும் அடுப்படியில் நின்று உலை வைத்துச் சோறு வடித்து, என் கையாலேயே மாமியாருக்குப் பரிமாறினேன். ருசியாக இருக்கிறது என்று மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.