முதலில் யார் கையில்

நடேசனைப் பற்றித் தெலுங்கு நாட்டு லாலாகுடா ரயில்வே காலனியில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. குறை சொல்ல, மனுஷன் எதிலாவது முன்னால் வந்து நிற்க வேண்டாமா? கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவார், பாய் சுருட்டுவார். தாலி எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் ஆளைக் காணாது. புது வீட்டில் பால் காய்ச்சினால் அடுப்பையும் சிலிண்டரையும் சுமந்துகொண்டு போய் வைப்பார். பற்றவைக்கச் சொன்னால் தீப்பெட்டி வாங்கி வருகிறேன் என்று போய், எல்லாரும் பால் குடித்து முடித்த பிறகு திரும்புவார். ஒர்க்‌ஷாப் ஆயுத பூஜையில் பூசணிக்காய் உடைக்கும் முறை அவருக்கு வந்த வருஷம் வயிற்றுவலி வந்தது. முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் அவருக்கு வந்த வயிற்றுவலி அது ஒன்றுதான்.

தன் கை ராசியில்லாத கை என்று அவர் நம்பினார். வெளியே சொல்லாமல் நம்பினார். சொல்லியிருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள், சிரித்ததில் பாதி நம்பிக்கை உதிர்ந்திருக்கும்.

பத்து வயதில் ஆரம்பித்தது. அவருடைய அத்தை தாயம்மாள் காலனிக்கு வெளியே இட்லிக் கடை போட்டாள். முதல் நாள் காலை, வாசலில் நின்ற நடேசனைக் கூப்பிட்டு, நாலு இட்லி கொடுத்து, போணி பண்ணச் சொன்னாள். ஒரு மாதத்தில் அத்தையின் புருஷனுக்கு மஞ்சள் காமாலை வந்து கடையை மூடிவிட்டார்கள். 'அந்தப் புள்ள கையில போணி பண்ணேன் பாரு, என்ன சொல்லணும்' என்று அத்தை அடுப்படியில் புலம்பியது நடேசன் காதில் விழுந்தது. அடுத்த வாரமே அதை மறந்துவிட்டு அத்தை அவனுக்கு முறுக்கு கொடுத்தாள். முறுக்கைத் தின்றான், சொன்னதை மறக்கவில்லை.

அப்புறம் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். சிநேகிதன் புது ஸ்கூட்டரை முதலில் இவர் ஓட்டிப் பார்த்தார். மறுநாள் அவன் மெட்டுகுடா திருப்பத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று விட்டிருக்கலாம். கூட வேலை பார்த்த சலீமின் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அவளுக்கு முதல் பேனாவை வாங்கிக் கொடுத்தவரும் இதே நடேசன்தான். அந்தப் பெண் இன்றைக்கு டாக்டர். அது மட்டும் இவருக்கு நினைவில் நின்றதேயில்லை.

இதோடு போயிருந்தால் இதை ஒரு கிறுக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ராஜி முதல் பிள்ளையைச் சுமந்தபோது, ஏழாம் மாதத்தில், நடேசன் ஆசையாகப் போய்த் தேக்கில் ஒரு தொட்டில் வாங்கி வந்தார். பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. ஆண் பிள்ளை. ராஜி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நடேசன் தொட்டிலைத் தூக்கிக் கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்து, அன்றிலிருந்து தன் கையைத் தானே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

இரண்டு வருஷம் கழித்துப் பானு பிறந்தாள். பிள்ளையை முதலில் தகப்பன் கையில் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வந்தார்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிள்ளைக்குப் பல் முளைக்கிறவரை அதைத் தூக்கவில்லை. முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு ராஜிதான் கூட்டிப் போனாள். பரிசளிப்பு விழாவுக்கும் ராஜிதான். அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்த்ததும் ராஜிதான். மாதாப்பூர் கம்பெனி ஒன்றில் பானுவுக்கு இன்டர்வியூ வந்த காலையில் நடேசன் பாத்ரூமுக்குள் புகுந்து, அவள் தெருமுனை தாண்டும்வரை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் தன் முகத்தில் விழித்துவிட்டுப் போகக்கூடாது என்பதற்காக.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ராசியில்லாதவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பேசும் டீச்சர் முன்னால் நிற்க வேண்டாம். சூப்பர்வைசர் பரீட்சை எழுதித் தோற்க வேண்டாம். நடேசனுக்கு இது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார், நம்மில் பாதிப் பேர் இருப்பது போல.

போன மாதம் பானுவுக்குத் தார்நாகாவில் ஒரு நர்ஸிங் ஹோமில் பிரசவம். சிசேரியன். மாப்பிள்ளை மோகன் ஆபீஸ் வேலையாகப் புனே போயிருந்தான். டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே வலி வந்துவிட்டது. காலை பதினோரு மணி. ராஜி மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நடேசன் ஒருத்தர்தான்.

கதவு திறந்தது. நர்ஸ் ஆக்னஸ் வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையோடு வந்து, பானுவின் ஆள் யார் என்று தெலுங்கில் கேட்டாள். நடேசன் தலையசைத்தார். பெண் குழந்தை, மூன்று கிலோ, வாங்கிக்கொள்ளுங்கள் என்று நீட்டினாள்.

நடேசனின் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. ஓரடி பின்னால் நகர்ந்தார். பானுவின் அம்மா கீழே போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள், கொஞ்சம் பொறு என்று தெலுங்கும் ஹிந்தியுமாக உளறினார். ஆக்னஸ் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அவள் முகம் மாறியது. பெண் என்றால் கையில் வாங்கக்கூட மாட்டீர்களா, இந்தக் காலத்திலுமா, பெற்றவள் உள்ளே வயிறு கிழிந்து கிடக்கிறாளே என்று சத்தமாகவே கேட்டாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் உச்சுக்கொட்டினார்.

நடேசன் மறுக்கவில்லை. ராசி, போணி, தொட்டில் என்று அந்த வராந்தாவில் நின்று சொல்வதைவிடக் கெட்டவன் என்று பெயர் எடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. அவமானத்தில் காது மடல் சுட்டது. ஆக்னஸ் பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விட்டாள். யாரும் வாங்கவில்லை என்று அவள் உள்ளே யாரிடமோ சொன்னது வெளியே கேட்டது. வெளியே கேட்டது பானுவுக்குக் கேட்காமல் இருக்குமா?

பிற்பகலில் பானுவை அறைக்கு மாற்றினார்கள். ராஜி கஞ்சி வாங்கப் போனாள். நடேசன் கதவோரம் நின்றார். கட்டிலுக்குப் பக்கத்துச் சின்னத் தொட்டிலில் பிள்ளை தூங்கியது. பானு அவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தபடி பேசினாள்.

"நைனா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. பொண்ணுன்னா உனக்கு அவ்ளோ வேணாமா?"

நடேசன் கதவின் தாழ்ப்பாளைத் திருகினார்.

"என்னைய நீ தூக்கல, சரி. மொதல்ல பையன் பொறந்து போயிட்டான், அப்புறம் நான் பொண்ணா வந்து நின்னேன், அந்த ஏமாத்தம்னு நானே சமாதானம் பண்ணிக்கினேன். இவ உன்ன என்ன பண்ணா?"

முப்பது வருஷமாகத் தன் மகள் இதை மனதில் வைத்திருக்கிறாள் என்பது நடேசனுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. தான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். சொன்னார். இட்லிக் கடையைச் சொன்னார், ஸ்கூட்டரைச் சொன்னார், பாத்ரூமில் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னார். ஐம்பது வருஷமாக மனதுக்குள் மலை மாதிரி இருந்த ஒவ்வொன்றும் வாயைவிட்டு வெளியே வந்ததும் சின்னப்பிள்ளைச் சமாசாரமாக இருந்தது. அறுபதை நெருங்குகிற ஆள் நாலு இட்லியைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தொட்டில் கதைக்கு வந்தபோது அதை மட்டும் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

பானு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"இன்டர்வியூ அன்னிக்கு வாசல்ல ரெண்டு நிமிஷம் நின்னேன், நீ வருவேன்னு," என்றாள். "பையனா இருந்தா பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்திருப்பாருன்னு நெனச்சுக்கினேதான் போனேன். இன்னிக்கும் ஆபீஸ்ல எதுன்னா நல்லாருக்குன்னு சொன்னா எனக்கு நம்பிக்கை வராது நைனா. டீம் லீடு நீ எடுத்துக்கன்னாங்க. எனக்கு வேணாம், அந்தப் பையனுக்குக் குடுங்கன்னேன். யாரும் கேக்காம வந்து பொறந்தவ நான், எனக்கு எதுக்கு முன் சீட்டுன்னு இருக்கும்."

"அய்யோ, அப்படி இல்லடா."

"நீ பயந்துக்கினு இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே."

நடேசன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். பயந்தது ஒரு வெட்கம். பயத்தை ராசி என்று பெயர் மாற்றி அதன் பின்னால் சுகமாக உட்கார்ந்திருந்தது அதைவிடப் பெரிய வெட்கம். தன் கை யாரையாவது கெடுத்தது உண்டென்றால் இவளைத்தான், அதுவும் நீட்டாமல் இருந்து கெடுத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். மகளிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வேட்டி நுனியைப் பிசைந்தார்.

"தூக்கு," என்றாள் பானு.

கை கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தார். கழுவினார். சோப்புப் போட்டு மறுபடி கழுவினார். மூன்றாம் தரம் குழாயைத் திறக்கும்போது, பழைய பாத்ரூம் புத்திதான் இது என்று தனக்கே உறைத்தது. குழாயை மூடிவிட்டு வெளியே வந்தபோது அறை நிறைய ஆட்கள். விமானத்திலிருந்து இறங்கி நேராக வந்த மோகன், அவன் அம்மா அபயாம்பாள், கஞ்சித் தூக்கோடு ராஜி.

அபயாம்பாள் அல்வாலில் இருக்கிறவள், கும்பகோணம் பக்கத்து மனுஷி, சாத்திர சம்பிரதாயத்தில் ஒன்றை விடமாட்டாள். பேத்தியைக் குனிந்து பார்த்து, மூக்கு எங்கள் வீட்டு மூக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியைப் போட்டாள்.

"கொழந்தைய மொதல்ல யார் கையில வாங்கினா?"

ராஜி வாயைத் திறப்பதற்குள் பானு சொன்னாள்.

"எங்க நைனாதான் அத்தே."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம். தாத்தா கையி, ஆயுசு கெட்டி," என்றாள் அபயாம்பாள். மோகன் மாமனாரைப் பார்த்துச் சிரித்தான்.

பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வயிற்றில் தையலோடு கிடக்கிற மகள், காலையில் அவமானப்பட்ட மகள், புகுந்த வீட்டார் முன்னால் அப்பன் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டாள். அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். எப்போதும் அப்படித்தானே போயிருக்கிறார். ஆக்னஸ் அப்போது பானுவின் ட்ரிப்ஸைச் சரிபார்க்க உள்ளே வந்தாள், அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றார் நடேசன். குரல் அவருக்கே புதுசாக இருந்தது. "நான் வாங்கல. அந்த நர்ஸம்மா நீட்டுச்சு, நான் கைய பின்னால கட்டிக்கினேன். எங்கூட்டுப் பொண்ணு என் மானத்துக்காகப் பொய் சொல்லுது."

ராஜி தூக்கைக் கீழே வைத்தாள்.

"பொண்ணுன்றதுக்காக இல்ல. என் கை ராசியில்லாத கைன்னு பயம். மொதல் கொழந்தைக்கு நான் தொட்டில் வாங்கியாந்துதான் போயிடுச்சின்னு பயம். பானுவையும் அப்படித்தான் வாங்காம ஓடிட்டேன். அவ வேற மாதிரி நெனச்சுக்கினே வளந்துட்டா. தப்பு என்னுது."

ராஜி அவரையே பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர், அந்தத் தொட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர். அவள் கண்ணில் இருந்தது கோபமா துக்கமா என்று நடேசனுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் பட்டுத்தான் தீர வேண்டும்.

யாரும் சொல்லாமலே அவர் தொட்டிலுக்குப் போனார். குனிந்து, ஒரு கையைக் கழுத்துக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்துத் தூக்கினார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை விழித்து, முகத்தைச் சுருக்கி, அறையே அதிரும்படி வீறிட்டு அழ ஆரம்பித்தது.

நடேசனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பழைய பயம் அத்தனையும் ஒரே பாய்ச்சலில் திரும்ப வந்தது. யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்று ராஜியைப் பார்த்தார், மோகனைப் பார்த்தார். அபயாம்பாள் பதறிப்போய்க் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அத்தே, வாங்காதீங்க," என்றாள் பானு. "யாரும் வாங்காதீங்க. அழட்டும். எங்க நைனாகிட்டயே இருக்கட்டும்."

அபயாம்பாள் கையை இழுத்துக்கொண்டாள். பிள்ளை அழுதது. நடேசனும் அழுதார். இரண்டு கையிலும் பிள்ளை இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாமல், எல்லார் முன்னாலும் அப்படியே நின்றார்.