திரும்பி உட்கார்ந்து பழுது பார்ப்பவர்

எங்கள் தீவில், நெயாஃபு சந்தைக்குப் பின்னால், ரொட்டிக் கடையை ஒட்டிக் கிடக்கும் பழைய கண்டெய்னரில் ஹவேயா அண்ணன் கணினி பழுது பார்க்கிறார். ஆண்கள் கொண்டுவரும் மடிக்கணினியை அவரே மேசையில் வைத்துப் பார்ப்பார். அக்கா தங்கை முறையாகும் பெண்ணுடையது என்றால், ஸ்டூலைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். திரையில் இருப்பதை அவர் மனைவி லேசியெலி அண்ணி படித்துச் சொல்வார். உடன்பிறந்தவளின் படமும் கடிதமும் அண்ணன் கண்ணில் படக்கூடாது. எங்களுக்கு அத்தை மகளும் மாமன் மகளும்கூட உடன்பிறந்தவர்கள்தான். அதனால் நான் உட்பட ஊரில் பாதிப் பெண்களுக்கு அவர் சுவரைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்.

பள்ளியைப் பாதியில் விட்டவர். புயலில் நனைந்ததென்று பள்ளிக்கூடம் வெளியே போட்ட பத்துக் கணினிகளை வீட்டுக்கு இழுத்துவந்து, வெயிலில் காயவைத்து, மூன்றுக்கு உயிர் கொடுத்தவர். நான் பக்கத்து நாட்டிலிருக்கும் சுவாவில் நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவள். எங்கள் வீட்டில் முதல் ஆள். போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் மடிக்கணினி கருப்புத் திரையில் ஒற்றை வெள்ளை வரியோடு நின்றபோது, அணைத்து அணைத்துப் போடுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதற்குள் எங்கள் ஊரின் அறுபத்திரண்டு வீடுகள் இருந்தன. எந்த வீட்டு மழைநீர்த் தொட்டி எவ்வளவு கொள்ளும், எங்கே விரிசல், எந்த மாதம் காய்கிறது என்று இரண்டு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதியது. எந்த ஊருக்குப் புதுத் தொட்டிகள் என்று முடிவு செய்ய தலைநகர் நுகுவலோஃபாவிலிருந்து வந்திருந்த அதிகாரி அன்று நான்கு மணி விமானத்தில் திரும்புகிறார். அறிக்கை தராத ஊருக்கு அடுத்த வருடம்தான். இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு வருடம் என்னதான் படித்தேனோ. கணினியைத் தூக்கிக்கொண்டு கண்டெய்னருக்கு ஓடினேன்.

“ஏதோ ஃபைலைக் காணலையாம். கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தச் சொல்லுது” என்றார் அண்ணி.

“அழுத்தாத. நியோமாய் காலையிலேருந்து அதைத்தான் அழுத்தியிருப்பா” என்று என்னைப் பற்றிச் சுவரிடம் சொன்னார் அண்ணன். “கடைசியா யாரு தொட்டது?”

“பெனிசிமானி” என்றேன். என் தம்பி முறை. தேவாலயப் பாடகர் குழுவின் வீடியோக்களுக்கு இடம் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அதைச் சுத்தம் செய்திருக்கிறான். எங்கள் வீட்டுக் கணினி எல்லாருக்கும் பொது. ஆளுக்கொரு கோப்புறை, அதன்மேல் அவரவர் பெயர். அவன் என்னிடம் பெருமையாகச் சொன்னதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன்: “பேர் போட்டது எதையும் நான் தொடலக்கா. ஆளில்லாததைத்தான் அழிச்சேன். ஒளிஞ்சிருந்ததைக்கூடத் தேடிப் பிடிச்சு, திரும்பி வராத மாதிரி அழிச்சிட்டேன்.”

அண்ணன் தோள் குலுங்கச் சிரித்தார். “பாவம், அந்தக் கம்ப்யூட்டரும் தன் பேரை எழுதி வெச்சிருக்கணும்.”

பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கணினியை எழுப்பினார்கள். கட்டளையை அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அண்ணி ஒற்றை விரலால் தட்டினார்.

“இப்ப இடைவெளி விடு.”

“விட்டேன்.”

“எவ்வளவு?”

“தாராளமாத்தான் விட்டிருக்கேன், ஒரு ஆள் படுக்கலாம்.”

“ஒண்ணே ஒண்ணு விடு, போதும்.”

“அவ்ளோ அவசரம்னா நீங்களே வந்து அடிங்க.”

“வந்தா எங்கம்மாவுக்கு நீதான் பதில் சொல்லணும்.”

மூன்றாவது முயற்சியில், தான் எழுந்திருக்கத் தேவையான, காணாமல்போன கோப்புகளைக் கணினி மறுபடி எழுதிக்கொண்டது. திரை நீலமாக மலர்ந்தது. பெயர்கள் வரிசையாக வந்து நின்றன: அப்பா, அம்மா, பெனிசிமானி, நான். என் அறிக்கை மட்டும் இல்லை. சுவாவில் பழகியபடி அதற்கு ‘கள ஆய்வு’ என்று பெயர் வைத்திருந்தேன். அது யாருடைய பெயரும் இல்லை. அதையும் அவன் அழித்திருந்தான்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் சுவரைப் பார்த்தபடியே, “பாட்டு வீடியோ ஏறி உக்காந்த இடம் போனது போனதுதான். மத்ததை மீட்கலாம். இனிமே அதுல எதையும் சேமிக்காதீங்க” என்றார்.

மீட்கும் மென்பொருள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோப்புகளைக் கொட்டியது. ஒன்றுக்கும் பெயர் இல்லை, எண்கள்தான். நான் எப்போதோ அழித்த படங்களும் தோழிகளின் கடிதங்களும் அதற்குள் கலந்து கிடந்தன. மணி பன்னிரண்டரை.

“அண்ணே, நீங்க பாத்தா அரை மணி நேரத்துல முடியும்ல?”

அவர் கைகளை முழங்கால்களுக்கு நடுவில் கோத்துக்கொண்டார். “நீ திரும்புன்னு சொன்னா நான் திரும்பித்தான் ஆகணும். உடன்பிறந்தவ பேச்சைத் தட்ட அண்ணனுக்கு உரிமை இல்ல. அதனால சொல்லாத, நியோமாய்.”

சுவாவில் பையன்களோடு ஒரே திரையைப் பார்த்துத்தான் படித்தேன், ஒன்றும் ஆகிவிடவில்லை. இங்கே அறுபத்திரண்டு வீட்டுத் தண்ணீர் ஒருவர் ஸ்டூலைத் திருப்புவதில் நிற்கிறது. சொல்லிவிடலாமா? அது நியாயமா, இல்லை எனக்கு வசதியா? இன்றுவரை எனக்கு விடை தெரியாது. அந்தக் கைகளைப் பார்த்தபின் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

“எக்செல் ஃபைலை மட்டும் தனியாப் பிரி. பெரிசா இருக்கறதைத் தள்ளிடு” என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார். நூற்று நாற்பது மிஞ்சியது. நானும் அண்ணியும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். இரண்டு மணிக்கு ஐம்பத்தொரு வீடுகள் கிடைத்துவிட்டன. கடைசிப் பதினொன்று இல்லை.

“எந்தெந்த வீடு? சொல்லு” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

நினைவிலிருந்து சொன்னேன். நான்காவது பெயரிலேயே அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். “நான்தான் ஹவேயா. உங்க தொட்டி எந்த மாசம் காயும்? ஆமா, அதுக்குத்தான் போன் பண்ணேன். ஏன், அண்ணன்காரன் தண்ணியப் பத்திக் கேக்கக்கூடாதா?”

“பதினொண்ணுல எட்டு இவர் தங்கச்சிங்க வீடு. இவர் கேட்டா, கேக்காததையும் சேத்துச் சொல்லுவாங்க” என்றார் அண்ணி.

மூன்று மணிக்கு ரொட்டி வேனில் விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். அண்ணன் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். நடுவில் அண்ணி, காதில் அவருடைய போன். ஓரத்தில் நான், மடியில் கணினி.

“அஞ்சாயிரம் லிட்டர். அடியில விரிசல். செப்டம்பர்லயே காயுதாம்” என்றார் அண்ணி. அதுதான் கடைசி வீடு. தட்டச்சு செய்து பென் டிரைவில் ஏற்றினேன்.

அதிகாரி பெட்டியை எடை போட்டுக்கொண்டிருந்தார். பென் டிரைவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார்.

“மொத்தம் எத்தனை வீடு?”

“அறுபத்திரண்டு” என்றேன்.