வீக்கம் வடியும் வரை

வாசலில் 'மடார்' என்று சத்தம் கேட்டதும் கத்பெர்ட் பென்னக் பீர்க் குவளையோடு எழுந்துவிடுவார். "குனி" என்று முன்கூட்டியே எச்சரிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. யார்க்‌ஷயர் மலையோரத்து 'மூன்று வாத்துகள்' பப்பின் நுழைவில் உத்தரம் தாழ்ந்து கிடந்தது. அதில் தலையை இடித்துக்கொண்டவர் கத்பெர்ட்டின் பக்கத்தில் உட்கார வேண்டும். குளிர்ந்த குவளையை அவர் நெற்றியில் ஒற்றுவார். வீக்கம் வடியும் வரை கட்டடத்தின் வரலாற்றைக் கேட்டாக வேண்டும். ஊர் வழக்கம் அது.

வரலாறு ஆளுக்கு ஆள் மாறும். பாதிரியாருக்கு அது இடிந்த மடாலயத்தின் உத்தரம். மாலுமிக்கு, மூழ்கிய போர்க்கப்பலின் பாய்மரம். போன கோடையில் ஒரு பல் மருத்துவரிடம், "இங்க பாருங்க, ராஜா கடிச்ச தடம்" என்றார். மருத்துவர் கண்ணாடி மாட்டிப் பார்த்து, கடைவாய்ப் பல்தான் என்று ஒப்புக்கொண்டார்.

மனைவி ஐடா இறந்துபோன பிறகு அவர் வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை. இடித்துக்கொண்டவர்கள்தான் துணை.

இந்த வசந்தத்தில் ஒருவருக்கு மண்டை உடைந்ததும், பப்பை நடத்தும் மேவிஸ் உத்தரத்தை எடுத்துவிடத் தீர்மானித்தாள். "நானூறு வருஷக் கட்டடம்மா! கைய வெக்காத!" என்று பழங்கட்டட ஆய்வாளரை வரவழைத்தார் கத்பெர்ட். ஆய்வாளர் வந்தார், இடித்துக்கொண்டார், நெற்றியில் குவளையோடே மரத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

"இது மாட்டுக்கொட்டகை மரங்க. எழுபது வருஷம்கூட இருக்காது."

"எந்த மாடுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கத்பெர்ட் தொடங்கினார். அதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. ஆய்வாளர் கிளம்பிவிட்டார்.

உத்தரமும் போனது. எல்லோரும் நிமிர்ந்தபடி வந்தார்கள். "என்ன பெருசு, இன்னிக்கு வரலாறு லீவா?" என்று கேட்டுவிட்டுக் கொத்தனார் ஸ்டான் சீட்டாடப் போனான். நுரை அடங்கிய குவளையோடு வாசலையே பார்த்திருந்த கத்பெர்ட், ஒருநாள் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"இனிமே வீட்லயே இருந்துக்கறேன் மேவிஸ்."

மேவிஸ் வாசலைத் தாண்டி வெளியே போனாள். உத்தரம் இருந்த காலத்திலேயே எம்பிக் குதித்தாலும் தலை அதில் படாத குள்ளம் அவள். திரும்பி உள்ளே வந்தவள், ஒன்றுமில்லாத இடத்தில் நின்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ! நல்லா இடிச்சுருச்சு, கத்பெர்ட்."

கத்பெர்ட் தொப்பியைக் கீழே வைத்தார். அவள் முடியை ஒதுக்கி, வீக்கத்தைத் தேடிப் பார்த்து, "பலமான அடிதான்" என்றார். பிறகு குளிர்ந்த குவளையொன்றை எடுத்து அவள் நெற்றியில் மெல்ல ஒற்றினார்.